சம்பளம் கட்டாத பிள்ளைகளும் வருமானச் சான்றிதழும்

சம்பளம்னா இப்போ வேலை பார்த்து வாங்குற பணம். எங்க அப்பா காலத்துல பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைங்க கட்டுற பணத்துக்கும் சம்பளம்னுதான் பேர். "இந்த மாசச் சம்பளம் கட்டலைன்னா நாளைக்கு வராதே"ன்னு வாத்தியார் சொல்லி அனுப்பிடுவாராம். முழுச் சம்பளம் கட்டுற பிள்ளை, அரைச் சம்பளம் கட்டுற பிள்ளைன்னு வகுப்புல ரெண்டு சாதி. எங்க அப்பா எட்டாவதோட நின்னது இந்தச் சம்பளத்தாலதான். அப்போ 1950-கள். அவருக்கு ஏழு வயசு இளையவர் என் சித்தப்பா. அவர் ஒரு பைசா சம்பளம் கட்டாம பதினோராம் வகுப்பு வரைக்கும் படிச்சு முடிச்சார். ரெண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க, அதே நாலு ஏக்கர் கரட்டுக்காடு. நடுவுல மாறுனது சட்டம் மட்டும்தான்.

குடும்பத்தோட வருமானத்தைப் பார்த்துப் படிப்புக் கட்டணத்தைத் தீர்மானிக்கிற பழக்கம் நம்ம மாநிலத்துல எப்படி வளர்ந்துச்சுன்னு கொஞ்ச நாளா யோசிச்சுக்கிட்டே இருக்கேன். பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு வருமானச் சான்றிதழ் ஆன்லைன்ல வாங்குற ஒரு காகிதம். கிராமத்துல அதுக்குப் பின்னாடி ஒரு அறுபது வருஷக் கதை இருக்கு.

1960-ல காமராஜர் முதலமைச்சரா இருந்தப்போ, பெற்றோரோட ஆண்டு வருமானம் 1200 ரூபாய்க்குள்ள இருந்தா பிள்ளைக்கு உயர்நிலைப் பள்ளி வரைக்கும் சம்பளம் வேண்டாம்னு ஆச்சு. அதுக்கு முன்னாடியே மதிய உணவு வந்திருந்தது. நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். ஊர் ஊரா பள்ளிக்கூடம் திறந்த காலம் அது. திறந்த பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை வரணும்னா வாசல்ல நிக்கிற சம்பளம் போகணும்னு யாரோ சரியா யோசிச்சிருக்காங்க. எங்க சித்தப்பாவுக்கு ஊர் மணியக்காரர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாராம். "இன்னாருக்கு வருசத்துல இவ்வளவுதான் வரும்படி"ன்னு. தாத்தாவுக்கு வருசத்துக்கு எவ்வளவு வருதுன்னு தாத்தாவுக்கே தெரியாது. மணியக்காரர் திண்ணையில உக்காந்து, கேட்காமலேயே எழுதினார்னு சித்தப்பா சொல்லிச் சிரிப்பார்.

அந்த 1200-ஐக் கொஞ்சம் உத்துப் பாருங்க. மாசம் நூறு ரூபாய். பன்னெண்டால பெருக்கினா 1200. பின்னாடி வரப்போற 9000 ரூபாய்க் கோடும் மாசம் 750. எங்க ஊர்ல ரொம்ப வருஷம் எல்லாச் சான்றிதழ்லயும் இருந்த 72,000 ரூபாய், மாசம் 6000. இந்தக் கோடுகளைப் போட்டவங்க மனசுல மாசச் சம்பளம் வாங்குற ஆள்தான் இருந்திருக்கார்னு எனக்குத் தோணும். விவசாயிக்கு மாசம் ஏது? அறுப்பு இருக்கு, போகம் இருக்கு, சந்தை இருக்கு. நடுவுல பத்து மாசம் கடன் இருக்கு.

நாலே வருஷத்துல, 1964-ல பக்தவத்சலம் காலத்துல, அந்த 1200 கோட்டையும் எடுத்துட்டாங்க. பள்ளிப் படிப்பு வரைக்கும் எல்லாருக்கும் இலவசம், வருமானம் கேட்கிறதே இல்லை. இது பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன். காமராஜரைப் பத்திப் பேசுற அளவுக்கு இதை யாரும் பேசுறதில்லை. பண்ணையார் பிள்ளையும் பண்ணையாள் பிள்ளையும் எந்தச் சீட்டும் காட்டாம உள்ளே போகலாம். "எங்கப்பாவுக்கு வருமானம் கம்மி"ன்னு வகுப்பு முன்னாடி எழுந்து நிக்க வேண்டாம். அப்புறம் கலைஞர் முதல் தடவை முதல்வரா இருந்தப்போ அந்தக் காலத்துப் புகுமுக வகுப்பு வரைக்கும் இலவசத்தை நீட்டினார். நான் 1985-ல பத்தாவது முடிச்சேன். என் பள்ளிக்கூட வாழ்க்கையில யாரும் அப்பா வருமானத்தைக் கேட்டதா ஞாபகம் இல்லை.

கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்போம்? இதைச் சொல்லிட்டு மேல போறேன், ஏன்னா மீதிக் கதை முழுக்க இதுலதான் நிக்குது.

எங்க பக்கம் பெரம்பலூர். சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் போடுற பூமி. ஒரு ஏக்கர் வெங்காயத்துக்கு 600, 700 கிலோ விதை வெங்காயம் வேணும். உழவு, நடவு, களை, மருந்து, அறுப்பு, தாள் கிள்ளுற கூலின்னு எல்லாம் சேர்த்தா இன்னைக்கு எழுபது எண்பதாயிரம் ஆயிடும். எழுபது நாள் பயிர். நல்லா வந்தா அஞ்சு டன் எடுக்கலாம். கிலோ 60 ரூபாய் போற வருஷம் மூணு லட்சம். அதே அஞ்சு டன் கிலோ 10 ரூபாய்க்குப் போனா அம்பதாயிரம், அதாவது போட்ட முதலும் வரலை. நல்ல விலைக்குன்னு பட்டறை போட்டு வச்சா அழுகல், சுருங்கல்ல கால்பங்கு போயிடும். திருகல் நோய் வந்தா காட்டுலயே முடிஞ்சது. இப்போ சொல்லுங்க, என் ஆண்டு வருமானம் எவ்வளவு? எந்த ஆண்டு? காலேஜ் நாலு வருஷம் நடக்குது. நான் சேர்க்குற வருஷம் விலை இருந்தா நான் பணக்காரன், மூணாவது செமஸ்டர்ல மழை இல்லைன்னா? விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. அதனால அதைக் காட்டுற பதிவேடும் இல்லை. சிட்டா இருக்கு, அடங்கல் இருக்கு. அதுல எத்தனை ஏக்கர், என்ன பயிருன்னு இருக்கும். எவ்வளவு மிச்சம்னு இருக்காது.

இந்தச் சிக்கல் அரசாங்கத்துக்குத் தெரியாமல் இல்லை. 1969-ல சட்டநாதன் தலைமையில பிற்படுத்தப்பட்டோர் ஆணையம் போட்டாங்க. பிற்பட்ட வகுப்புலயும் வசதியானவங்க இருக்காங்க, அவங்களைச் சலுகையிலிருந்து விலக்கணும்னு அவங்க சொன்னாங்க. எப்படி விலக்குறது? சம்பளக்காரர்னா வருஷம் 9000 ரூபாய்க்கு மேல. வியாபாரின்னா வரி கட்டுற வருமானம் 9000-க்கு மேல. நிலக்காரர்னா 10 ஸ்டாண்டர்ட் ஏக்கருக்கு மேல. விவசாயியை மட்டும் ரூபாயில அளக்கலை, நிலத்தால அளந்தாங்க. ஸ்டாண்டர்ட் ஏக்கர்ங்கிறது நில உச்சவரம்புச் சட்டத்துக் கணக்கு. நல்ல பாசன நஞ்சைன்னா ஒரு ஏக்கரே ஒரு ஸ்டாண்டர்ட் ஏக்கர். புஞ்சைன்னா ஒண்ணுக்கு மேல பல ஏக்கர் சேர்ந்தாத்தான் ஒரு ஸ்டாண்டர்ட் ஏக்கர் ஆகும். ஆத்துப் பாசனத்தையும் எங்க கரட்டுக்காட்டையும் ஒண்ணா வைக்கக் கூடாதுன்னு அந்தக் கணக்குக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு அந்த அறிக்கை மேல மரியாதை உண்டு, முழுக்க ஒத்துக்கலைன்னாலும். அப்போ அரசாங்கம் அந்த விலக்கை ஏத்துக்கலை.

பத்து வருஷம் கழிச்சு எம்.ஜி.ஆர். ஏத்துக்கிட்டார். 1979 ஜூலையில ஒரு அரசாணை. ஆண்டு வருமானம் 9000-க்கு மேல இருக்கிற பிற்படுத்தப்பட்ட குடும்பத்துக்கு இட ஒதுக்கீடு இல்லை. இது கட்டணம் பத்தினது இல்லை, கல்லூரி இடமும் வேலையும் பத்தினது. ஆனா வருமானக் கோடு தமிழ்நாட்டு அரசியல்ல வாங்கின பெரிய அடி இதுதான், அதனால சொல்லணும். எதிர்க்கட்சிகளும் திராவிடர் கழகமும் கிளம்பிட்டாங்க. சாதியால பின்னுக்குத் தள்ளப்பட்டவனை ரூபாயால அளக்கிறது என்ன நியாயம்ங்கிறது அவங்க கேள்வி. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தல்ல அ.தி.மு.க.வுக்கு 39-ல ரெண்டே ரெண்டு இடம். தோத்த கையோட எம்.ஜி.ஆர். அந்த ஆணையைத் திரும்ப வாங்கிட்டு, 31 சதவீதமா இருந்த பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 50 ஆக்கினார். தோல்விக்கு வேற காரணமும் இருந்தது, இந்திரா காங்கிரசும் தி.மு.க.வும் கூட்டு. ஆனா அதுக்கப்புறம் எந்தத் தமிழ்நாட்டு அரசும் இட ஒதுக்கீட்டுல வருமானக் கோடு பக்கம் தலைவச்சுப் படுக்கலை.

அதே 1980 நவம்பர் 14-ல, பரம்பரையா வந்த கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவியெல்லாம் ஒழிச்சு, பின்னாடி கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தாரே, அது எங்க மாதிரி ஆளுங்களுக்குப் பெரிய மாற்றம். நமக்கு வருமானம் இவ்வளவுன்னு எழுதுற கை அதுவரைக்கும் ஒரே குடும்பத்துக் கை. அவங்க வீட்டு முன்னாடி செருப்பைக் கழட்டிட்டு நின்னவங்க உண்டு. வி.ஏ.ஓ. வெளியூர்க்காரர், தேர்வு எழுதி வந்தவர். கொஞ்சம் செலவு ஆகும்னாலும் நிமிர்ந்து நின்னு கேட்கலாம்.

1984-85-ல சுயநிதி பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தாங்க. அதுவரைக்கும் அரசுக் கல்லூரிக் கட்டணம் சொற்பம். பிரச்சினை இடம் கிடைக்கிறதுதான். இப்போ இடம் கொட்டிக் கிடக்கு, பணம்தான் பிரச்சினை. கட்டாய நன்கொடைக்குத் தமிழ்நாட்டுல கேபிடேஷன்ங்கிற வார்த்தை கிராமம் வரைக்கும் வந்தது அப்போதான். 1993-ல உன்னிகிருஷ்ணன் வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொல்லுச்சு. தனியார் தொழிற்கல்லூரியில பாதி இடம் இலவச இடம், அரசுக் கட்டணம் மட்டும் கட்டினாப் போதும். மீதிப் பாதி கட்டண இடம், அதிகம் கட்டணும். கட்டண இடத்துக்காரங்க பணத்துல இலவச இடத்துக்காரங்க படிப்பாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா யாருக்கு இலவச இடம்? வருமானம் குறைஞ்சவனுக்கு இல்லை, மார்க் அதிகம் எடுத்தவனுக்கு.

மார்க் யார் எடுத்தாங்க? டியூஷனும் நல்ல பள்ளிக்கூடமும் கிடைச்ச பட்டணத்துப் பிள்ளைங்க. நுழைவுத் தேர்வுக் காலம் வேற. எங்க மாவட்டத்துல அப்போ நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சின்னா திருச்சி போகணும். அங்க தங்கிப் படிக்க வைக்க முடிஞ்சவன் பிள்ளை இலவச இடத்துல சேர்ந்தான். தமிழ் மீடியத்துல எங்க ஊர்ப் பள்ளியில படிச்ச பையன் ரெண்டு ஏக்கரை வித்து கட்டண இடத்துல சேர்ந்தான். அவன் கட்டின பணத்துல அந்தப் பட்டணத்துப் பையன் படிச்சான். நான் கோபத்துல சொல்றதா நினைக்காதீங்க. 2002-ல டி.எம்.ஏ. பாய் வழக்குல அதே உச்ச நீதிமன்றம், இலவச இடங்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கும் கட்டண இடங்கள் வசதி குறைஞ்சவங்களுக்கும் போயிடுச்சுன்னு சொல்லி, அந்த ஏற்பாட்டையே நீக்கிடுச்சு. ஒன்பது வருஷம் நடந்துச்சு அந்தக் கூத்து. அந்த ஒன்பது வருஷத்துல வித்த காடு வித்ததுதான்.

கலைஞர் கடைசியா முதல்வரா இருந்த காலத்துல மூணு காரியம் நடந்தது. நுழைவுத் தேர்வு போனது. 2007-08-ல அரசு கலைக் கல்லூரிகள்ல இளங்கலைக் கல்விக் கட்டணம் போனது, யாருக்கும் வருமானம் கேட்காம. தேர்வுக் கட்டணம், சிறப்புக் கட்டணம்னு கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது ஒரு ஆடு வித்தா முடியற பணம். மூணாவது, 2010-ல முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை. கலந்தாய்வு வழியாத் தொழிற்படிப்புல சேர்ற பிள்ளையோட வீட்டுல யாரும் இதுக்கு முன்னாடி பட்டம் வாங்கலைன்னா கல்விக் கட்டணச் சலுகை. சாதி பார்க்கலை, வருமானமும் பார்க்கலை.

இதை யோசிச்சவர் யாரோ, அவருக்குக் கிராமம் தெரியும். என் காட்டுல எவ்வளவு மிஞ்சுச்சுன்னு தாசில்தாரால கண்டுபிடிக்க முடியாது. ஆனா என் தாத்தா பட்டதாரியா, நான் பட்டதாரியான்னு ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க.

என் மக 2012-ல இந்தச் சலுகையிலதான் பொறியியல் சேர்ந்தா. சான்றிதழுக்கு மூணு தடவை தாலுகா ஆபீஸ் போனேன், அவ்வளவுதான் செலவு. எங்க வம்சத்துல அவதான் முதல் பட்டதாரி. 2015-ல என் மகன் சேர்ந்தான். அவனுக்குச் சலுகை இல்லை. ஒரு வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான். அக்கா வாங்கிட்டா தம்பிக்குக் கிடையாது. காடு அதேதான், கிணறும் அதேதான், நானும் மூணு வருஷத்துல பணக்காரனாகிடலை. 2016-ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சு, மக்காச்சோளம் முழங்கால் உயரத்துல காய்ஞ்சு நின்னுச்சு. அந்த டிசம்பர்ல கட்டணத்துக்குத் தவணை கேட்டு அவன் காலேஜுக்குப் போனேன். பேர் வேண்டாம். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு நல்ல பொண்ணுதான், "ஹால் டிக்கெட் சிஸ்டம்ல பிளாக் ஆயிடும் அங்கிள், நான் ஒண்ணும் பண்ண முடியாது"ன்னுச்சு. ஊருக்கு வந்து வீட்டுக்காரியோட ஆரத்தையும் ஒரு ஜோடி மாட்டையும் சேர்த்துக் கட்டணமாக்கினோம். மகன் அந்த மாட்டைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் பேசமாட்டான்.

அந்தச் சமயத்துல எனக்கு ஒண்ணு உறைச்சது. வருமானம் பார்க்காத திட்டம் வாசல்ல நல்லது, ஆனா மழை பெய்யாத வருஷத்தை அதுக்குக் காட்ட முடியாது. வருமானம் பார்க்கிற திட்டத்துக்கு அதைக் காட்டலாம், ஆனா அது போன வருஷத்து வருமானத்தைத்தான் கேட்கும். ரெண்டுலயும் எங்களுக்கு ஓட்டை இருக்கு.

மத்திய அரசு பக்கம் வந்தா இன்னும் ரூபாய்க் கோடுதான். ஐ.ஐ.டி.யில 2016-ல வருஷக் கட்டணத்தை 90,000-லிருந்து ரெண்டு லட்சம் ஆக்கினாங்க. அதோட ஒரு ஏற்பாடு. குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள்ள இருந்தா கல்விக் கட்டணம் முழுசா தள்ளுபடி, ஒண்ணுலிருந்து அஞ்சு லட்சம் வரைக்கும் மூணுல ரெண்டு பங்கு தள்ளுபடி. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு முழுத் தள்ளுபடி. இது பரவாயில்லை, ஒரே கோடு இல்லாம படிக்கட்டா இருக்கு. பட்டியல் சாதிப் பிள்ளைங்களுக்கு மேல்படிப்பு உதவித்தொகை 1944-லயே, வெள்ளைக்காரன் இருக்கும்போதே, ஆரம்பிச்சது. இன்னைக்கு அதுக்குக் கோடு ரெண்டரை லட்சம். கல்விக் கடன் வட்டி மானியத்துக்குக் கோடு நாலரை லட்சம். பொருளாதாரத்துல நலிந்த பிரிவுன்னு 2019-ல கொண்டுவந்ததுக்குக் கோடு எட்டு லட்சம். ஆனா அஞ்சு ஏக்கர் விவசாய நிலம் இருந்தா, வருமானம் எவ்வளவு குறைஞ்சிருந்தாலும், அவன் நலிந்தவன் இல்லை. நஞ்சையா புஞ்சையான்னு கேள்வி இல்லை. சட்டநாதன் காலத்து ஸ்டாண்டர்ட் ஏக்கர் கணக்காவது கேட்டுச்சு.

ரெண்டரை லட்சத்துக் கோட்டைத் தாண்டி ஆயிரம் ரூபாய் கூட இருந்தா என்ன ஆகும்? ஒண்ணும் கிடையாது. கூலிக்குப் போற அப்பாவும் அம்மாவும் ரெண்டு பேரும் நல்லா வேலை செஞ்ச வருஷம், அவங்க கையில வந்த ஆயிரத்துக்காகப் பிள்ளையோட பல்லாயிரம் போயிடும். இதனாலதான் சான்றிதழ்ல எண்கள் எப்பவும் கோட்டுக்குக் கீழேயே நிக்குது. கலைஞர் காப்பீட்டுத் திட்டத்துக்கு 72,000 வரம்பு இருந்த காலத்துல எங்க ஊர்ல பாதிப் பேருக்கு வருமானம் சரியா 72,000. மளிகைக் கடைக்காரருக்கும் அவர் கடையில மூட்டை தூக்குறவருக்கும் ஒரே வருமானம். பட்டணத்துல சிலர் இதைச் சொல்லி, கிராமத்தான் ஏமாத்துறான்னு எழுதுறாங்க. ஏமாத்துறவன் இருக்கான், இல்லைன்னு சொல்லலை. ஆனா மூட்டை தூக்குறவருக்கு வேற எந்த எண்ணை எழுதுறது? அவருக்கும் உண்மையான எண் தெரியாது, வி.ஏ.ஓ.வுக்கும் தெரியாது. சம்பளப் பட்டியல் இருக்கிற வாத்தியார் ஒருத்தர்தான் ஊர்ல நிஜ வருமானம் போட்டுச் சான்றிதழ் வாங்குறவர். அவர் அதைச் சொல்லிப் புலம்புவார், அந்தப் புலம்பல்ல நியாயம் இருக்கு.

2021-லிருந்து இன்னொரு வழி. ஆறாம் வகுப்பு முதல் பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைக்குத் தொழிற்படிப்புல ஏழரை சதவீத ஒதுக்கீடு, கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசு கட்டும். இங்கயும் அப்பா வருமானத்தைக் கேட்கலை. எந்தப் பள்ளிக்கூடம்னு மட்டும் கேட்கிறாங்க. அக்காவுக்குக் கொடுத்தா தம்பிக்கு இல்லைங்கிற கதையும் இல்லை.

என் தம்பி அவன் மகளை அஞ்சாவது வரைக்கும் வேன் வர்ற இங்கிலீஷ் மீடியத்துல படிக்க வச்சான். போன வருஷம் ஆறாவதுக்கு எங்க ஊர் அரசுப் பள்ளிக்கு மாத்திட்டான். "ஏன்டா"ன்னேன். "ஆறாவதுலிருந்து இருந்தாத்தான்ணே கணக்கு, ஏழாவதுல மாத்தினா செல்லாது"ன்னான். அந்த வகுப்புல அவளைப் போல வேன்ல இருந்து இறங்கி வந்ததுங்க இன்னும் ஏழு பேர் இருக்காங்களாம். கணக்கு வாத்தியார் இடம் ஒண்ணு ஒன்றரை வருஷமா காலியா இருந்தது. இந்த ஏழு பேரோட அப்பாக்களும் சேர்ந்து முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு எழுதினாங்க, தம்பிதான் முதல் கையெழுத்து. தை மாசம் வாத்தியார் வந்துட்டார்.